தாவோவில் வெளியே சாப்பிட: காரத்தை விடுங்கள், புளிப்பைப் பிடியுங்கள்

மகள் பிலிப்பைன்ஸின் தாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள், அடுத்த மாதம் நீங்களும் மனைவியும் பத்து நாள் போகிறீர்கள். இந்தியச் சாப்பாட்டுக் கடைகளையே சுற்றிக்கொண்டிராமல் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. உங்களுக்கு மீன், கோழி, ஆடு போகும்; மாடும் பன்றியும் ஆகாது. மனைவி சைவம், முட்டையும் இல்லை. கடைசி நாள் மகளின் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு விருந்து. எதைக் கேட்டுச் சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது? கேள்வி இவ்வளவுதான், பதில்தான் கொஞ்சம் நீளும். ஒன்பது வருடம் மணிலாவில் வேலை பார்த்தவன் நான். வேலை நிமித்தம் தாவோவுக்கும் அடிக்கடி போய் வந்தேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நம் ஆட்கள் அங்கே போய் முதல் நாள் ஏதோ ஒரு கடையில் கண்ணில் பட்டதைக் கேட்டுவிட்டு, "உப்பு இல்லை, உறைப்பு இல்லை, எல்லாம் தித்திப்பு" என்று முகம் சுளிப்பார்கள். அடுத்த நாளிலிருந்து தயிர்சாதம் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். தப்பு சாப்பாட்டில் இல்லை. பிலிப்பினோ சமையல் காரத்தை நம்பி நிற்பதல்ல, புளிப்பை நம்பி நிற்பது. பீக்கோல் பக்கம், தாவோ இருக்கும் மின்டனாவோ தீவின் முஸ்லிம் பகுதிகள் என்று சில இடங்களை விட்டால், மிளகாய் சட்டிக்குள் போவதைவிட மேசைமேல் இருப்பதுதான் வழக்கம். இன்னொன்றும் உண்டு: சமையற்கட்டிலிருந்து வருவது முக்கால் பங்கு சமையல்தான். மீதிக் கால் பங்கை நீங்கள் மேசையில் முடிக்க வேண்டும்.

அந்தக் கால் பங்குக்கு 'சவ்சவான்' என்று பெயர், தொட்டுக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணம் கேளுங்கள். மேசையில் வினிகர், சோயா சாறு, மீன்சாறு புட்டிகள் இருக்கும். கலமான்சியும் மிளகாயும் கேட்டால் தருவார்கள். கலமான்சி என்பது கோலிக்குண்டு அளவு எலுமிச்சை, வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு நிறம், வாசனைக்கே தனியாகக் காசு கொடுக்கலாம். சோயாவில் நாலு கலமான்சியைப் பிழிந்து, 'சிலிங் லபுயோ' என்கிற ஊசி மிளகாய் இரண்டை நசுக்கிப் போட்டால், சுட்ட மீனுக்கு அதைவிட வேறொன்றும் வேண்டாம். வினிகரை 'சூகா' என்பார்கள். அந்தப் பக்கம் தென்னங்கள்ளு தாராளம், அது புளித்து வினிகராகிறது. பூண்டும் மிளகாயும் ஊறவைத்த தென்னை வினிகர் புட்டி எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தக் கடையை நம்பலாம் என்பது என் கணக்கு. சோற்றில் சாம்பார் ஊற்றிக்கொள்வதுபோல இதை யாரும் ஊற்றுவதில்லை. தொட்டுக்கொள்வதுதான். ஆளுக்கொரு கலவை, பக்கத்துக் கிண்ணத்தை யாரும் குறை சொல்வதில்லை.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது சினிகாங். நம் ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் நடுவில் எங்கோ உட்காரும் ஒரு புளிக்கரைசல். இறால் போட்டது 'சினிகாங் நா ஹீபோன்', மீன் போட்டது 'சினிகாங் நா இஸ்டா'. பன்றியில் செய்வதுதான் அதிகம், அதனால் வெறுமனே சினிகாங் என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். புளிப்புக்குப் பச்சைப் புளியங்காய் போடுவார்கள். புளிக்கு அங்கே சம்பாலோக் என்று பெயர். புளி மட்டுமல்ல, பிலிம்பிக்காய், மாங்காய், கொய்யா, நீக்ரோஸ் பக்கம் பாத்வான் என்கிற ஒரு காய் என்று ஊருக்கொரு புளிப்பு. உள்ளே முள்ளங்கி, காராமணி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை, குழம்பு தடிப்பாக வரச் சேப்பங்கிழங்கு. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில்தான் வைப்பார்கள். என் அம்மா புளிக்குழம்புக்குக் கழுநீர் எடுத்து வைப்பது மாதிரியே. மணிலாவில் ஒரு சக ஊழியர் வீட்டு அடுக்களையில் அதைப் பார்த்த அன்றுதான் அந்த ஊர் எனக்கு அந்நியம் இல்லை என்று தோன்றியது. இப்போது பல கடைகளில் பொட்டலப் பொடியைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். "நிஜப் புளியா, பொடியா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள்.

அடுத்தது தாவோவின் சொந்தச் சொத்து, சூரை மீன். தெற்கே சாலை வழியாகச் சில மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஜெனரல் சான்டோஸ் நகரம்தான் நாட்டின் சூரைத் தலைநகரம். அதனால் தாவோவில் 'பாங்கா' கிடைக்கும். பாங்கா என்றால் பெரிய சூரையின் தாடைப் பகுதி. கரியில் சுட்டு, தட்டை மறைக்கும் அளவில் கொண்டுவந்து வைப்பார்கள். எலும்பின் மடிப்புகளுக்குள் கொழுப்போடு ஒட்டியிருக்கும் சதையைக் கையால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். மீன்தலைக் குழம்புக்குச் சண்டை போடுகிற குடும்பத்தில் பிறந்தவர் என்றால் இதற்காகவே இன்னொரு முறை விமானம் ஏறுவீர்கள். ஒரு பாங்கா இரண்டு மூன்று பேருக்குப் போதும். பெரும்பாலும் எடைக்குத்தான் விலை, சுடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சூரையிலேயே கினிலாவ் என்றும் வரும். பச்சை மீன் துண்டுகளை வினிகர், கலமான்சி, இஞ்சி, வெங்காயம், மிளகாயோடு பிரட்டியது. அடுப்பே கிடையாது. புளிப்பு பட்டதும் சதை வெளுத்து, வெந்த மாதிரி இறுகும். ஆனால் அது வேகவைத்ததற்குச் சமமல்ல, கிருமியும் புழுவும் புளிப்பில் சாகும் என்று நம்பக் கூடாது. கூட்டம் அலைமோதும், மீன் வேகமாகத் தீரும் கடையில், மதியத்தில் சாப்பிடலாம். வயிறு சரியில்லாத நாளில் வேண்டாம். டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் முன்னால் இதைச் சொல்லிக் கொடுக்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தாவோவில் பேசுவது பெரும்பாலும் பிசாயா மொழி. 'சூதுகீல்' என்று பலகை போட்ட கடை தெரிந்தால் தயங்காமல் நுழையுங்கள். சுக்பா என்றால் சுடுவது, தூவா என்றால் தெளிவான சாறு வைப்பது, கிலாவ் என்றால் மேலே சொன்ன பச்சை மீன். மூன்றின் முதலெழுத்துகளையும் சேர்த்துச் செபு பக்கத்தில் உண்டான பெயர். மீனை நீங்கள் காட்ட, அதில் ஒரு பாதியைச் சுட்டு, தலையைச் சாறு வைத்துக் கொடுப்பார்கள். சாற்றில் எலுமிச்சைப்புல் வாசனை தூக்கும்.

கோழிக்கு இனசால். பாகோலோத் ஊரின் பண்டம், இப்போது நாடு முழுக்க. வினிகர், கலமான்சி, இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப்புல் இவற்றில் ஊறிய கோழியைக் கம்பியில் குத்திக் கரியில் வாட்டுவார்கள். வாட்டும்போது அச்சுவேட்டே விதை போட்டுக் காய்ச்சிய செம்மஞ்சள் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருப்பார்கள். 'பா' என்றால் கால், 'பேச்சோ' என்றால் நெஞ்சு. கால் கேளுங்கள், நெஞ்சு உலர்ந்துபோகும். 2003ல் இலோய்லோவில் ஒரே கடையாகத் தொடங்கிய மாங் இனசால் இப்போது எல்லா வணிக வளாகத்திலும் இருக்கிறது. சோறு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் உண்டு, 'அன்லி ரைஸ்' என்பார்கள். மேசையில் இருக்கும் சிவப்பு எண்ணெய்ப் புட்டி கோழிக்கொழுப்பு. பருப்புசாதத்தில் நெய் விடுகிற மாதிரி அதைச் சுடுசோற்றில் விட்டு, வினிகர் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். மனைவி பக்கத்தில் அந்தப் புட்டியை நகர்த்திவிடாதீர்கள். நீங்கள் பன்றி விஷயத்தில் ரொம்பக் கறார் என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பல கடைகளில் கோழியும் பன்றியும் ஒரே அடுப்பில்தான் வாட்டப்படும்.

அந்தக் கறாருக்கு ஒரு வழி இருக்கிறது, நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. மின்டனாவோ முஸ்லிம்கள் காலங்காலமாக வாழும் தீவு. அங்கத்து முஸ்லிம் இனங்களில் ஒன்றான மரனாவோக்களின் ஹலால் பலகை போட்ட கடைகளில் பன்றியே கிடையாது, காரமும் உண்டு! 'பாலாபா' என்று ஒரு தொக்கு வைப்பார்கள். சகுராப் என்கிற சிறுவெங்காய வகை, இஞ்சி, மிளகாய் இடித்தது. அதோடு தேங்காயும் மஞ்சளும் சேர்த்துக் கோழி சமைத்தால் 'பியாபரான்'. இரண்டு வாரம் ஊறுகாய் இல்லாமல் தவித்துவிட்டு முதன்முதலில் பாலாபாவை நக்கியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால் மட்டுமல்ல. மாட்டிறைச்சி அங்கே நிறைய இருக்கும், அதை மட்டும் கேட்டுத் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மனைவி விஷயம். இதைத்தான் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

'குலாய்' என்றால் காய்கறி. ஆனால் குலாய் என்று பெயர் இருப்பதால் சைவம் ஆகிவிடாது. பினக்பேத் என்று பாகற்காய், கத்தரி, வெண்டை, பூசணி போட்ட கூட்டு ஒன்று உண்டு. பார்த்தால் நம் வீட்டுக் கூட்டு. அதன் உயிரே 'பகோங்' என்கிற புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது. தேங்காய்ப்பாலில் சேம்பிலை போட்டு வற்றவைத்த லாயிங் வாசனையிலேயே சொக்கவைக்கும், உள்ளே பன்றியோ கருவாடோ இருக்கும். நூடுல்ஸ், லும்பியா என்கிற ஸ்பிரிங் ரோல், காய்களை வதக்கிய சாப்சுயி எல்லாம் இதே கதைதான். மீன்சாறான 'பாடிஸ்' அவர்களுக்கு உப்பு மாதிரி, அதை அவர்கள் மாமிசக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "வெஜிடேரியன்" என்று சொன்னால் "சரி மேடம், மீன் மட்டும்தான்" என்று மலர்ந்த முகத்தோடு சொல்வார்கள்.

நானும் விழுந்திருக்கிறேன். போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் 'கினிசாங் மொங்கோ' என்று பார்த்தேன். மொங்கோ என்றால் பாசிப்பயறு. மேலே மிதந்த கீரையைப் பெண்மணி 'மலுங்கை' என்றார். நம் முருங்கைதான், பெயரைக் கேட்டதும் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. பயறும் முருங்கைக் கீரையும், இதைவிடப் பத்திரமான சாப்பாடு உலகத்தில் உண்டா என்று இரண்டு கரண்டி வாயில் போட்டபிறகுதான் மேலே தூவியிருந்த மொறுமொறுப்பு பன்றித்தோல் வறுவல் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கும் கத்தோலிக்கப் பழக்கத்தில் மொங்கோ வெள்ளிக்கிழமைப் பண்டமானது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அதன் தலையில் பன்றித்தோல்!

ஆகவே 'சைவம்' என்ற சொல்லை நம்பாமல் ஒவ்வொன்றாக மறுத்துச் சொல்ல வேண்டும். மணிலாப் பக்கத்து மொழியான தகலோக்கில் இப்படி: "வாலாங் கார்னே, வாலாங் இஸ்டா, வாலாங் ஹீபோன், வாலாங் பகோங், வாலாங் பாடிஸ், வாலாங் இட்லோக் போ." இறைச்சி, மீன், இறால், விழுது, மீன்சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று பொருள். கடைசியில் வரும் 'போ' நம் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல், அதை விடாதீர்கள். பிசாயா பேசும் தாவோவிலும் இது புரியும். மகளிடம் எழுதி வாங்கிக் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டினால் இன்னும் நல்லது.

அப்படிச் சொன்னால் என்ன கிடைக்கும்? பிசாயா பக்கத்தில் 'லாவ்-உய்' என்று முருங்கைக்கீரை, பூசணி, வெண்டை, கத்தரி போட்ட தெளிந்த காய்ச்சாறு இருக்கிறது. மீன் போடாமல் வைத்துத் தரச் சொல்லலாம். வள்ளைக்கீரையைச் சோயா, வினிகர், பூண்டில் வதக்கிய 'அடோபோங் காங்கோங்' அநேகமாக எல்லாக் கடையிலும் செய்வார்கள், சிப்பிச்சாறு வேண்டாம் என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். சுட்ட கத்தரிக்காயில் வெங்காயம், தக்காளி, வினிகர் போட்ட 'என்சலாடாங் தாலோங்' நம் சுட்ட கத்தரிக்காய்ப் பச்சடியின் தங்கச்சி. பூண்டு போட்டு வறுத்த சோறு 'சினங்காக்', கூடவே பப்பாளிக்காய் ஊறுகாய் 'அச்சாரா'. மனைவிக்கு இது போதும், பத்து நாளும் இதேதான் என்றால் அலுக்கும். நடுவில் இரண்டு வேளை மகளின் மெஸ்ஸில் சாப்பிடட்டும், அதில் குற்றமில்லை.

காரே-காரே பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் யாராவது ஒருவர் "இது உங்க ஊர் கறிதான்" என்று கட்டாயம் சொல்வார். வேர்க்கடலை அரைத்துவிட்ட கெட்டிக் குழம்பு, பொதுவாக மாட்டு வாலும் குடலும் போடுவார்கள். கதை இது: 1762ல் பிரிட்டிஷ்காரர்கள் மணிலாவைப் பிடித்தபோது படை புறப்பட்டது மதராஸிலிருந்து. அதில் நம் பக்கத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1764ல் பிரிட்டிஷார் கிளம்பியபோது சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே காய்ந்தா என்ற ஊரில் அங்கத்துப் பெண்களைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார்கள். இதுவரை வரலாறு. அவர்கள் கறி வைக்கப் பார்த்து, மசாலா கிடைக்காமல் கடலையில் முடிந்ததுதான் காரே-காரே என்பது வாய்மொழி. பம்பாங்கா மாகாணத்தார் இதை ஒப்புக்கொள்ளாமல் தங்களுடையது என்பார்கள். எனக்குச் சிப்பாய் கதைதான் பிடிக்கும், ஆனால் ருசியில் கறியின் சாயலே இல்லை. உங்களுக்கு உபயோகமான விஷயம் வேறு: பகோங் இதில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில்தான் வரும். காய்கறி மட்டும் போட்ட காரே-காரேயும் பல கடைகளில் உண்டு. கொதிக்கவைத்த தண்ணீர் இறைச்சிச் சாறு இல்லை என்று உறுதிசெய்துகொண்டால் மனைவியும் சாப்பிடலாம்.

நீங்கள் தவிர்க்க வேண்டியவற்றில் இரண்டை மட்டும் பெயரோடு சொல்கிறேன். தினுகுவான் என்று கறுப்பாக ஒரு குழம்பு, பன்றி இரத்தத்தில் செய்வது. வெளியூர்க்காரர்களிடம் விளையாட்டாக "சாக்லேட் மீட்" என்பார்கள், அசந்துவிடாதீர்கள். பக்கத்தில் வெள்ளையாக வைக்கும் 'புத்தோ' வேறு, அது ஆவியில் வெந்த அரிசிப் பண்டம். டிசம்பரில் போனால் தேவாலய வாசல்களில் மூங்கில் குழாயில் அவித்த ஊதா நிறப் புத்தோ விற்பார்கள். மேலே வெண்ணெயும் தேங்காய்ப்பூவும் வெல்லமும். குழாய்ப்புட்டு தெரிந்தவருக்கு அறிமுகமே வேண்டாம். இன்னொன்று சிசிக், கல்லில் சீறிக்கொண்டு வரும் பன்றித்தலை வறுவல். 1974 வாக்கில் ஆங்கெலஸ் நகரத்தில் லூசிங் அம்மாள் கடையில் இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதையே சூரை மீனிலோ தோஃபுவிலோ செய்யச் சொல்லலாம், தாவோவில் சூரை சிசிக் நன்றாகவே இருக்கும். மேலே முட்டையும் மயோனைசும் வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.

இனிப்புக்கு ஹாலோ-ஹாலோ. பெயருக்கே 'கலக்கு கலக்கு' என்றுதான் அர்த்தம், மேலாகக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் பனிக்கட்டிதான் மிஞ்சும். துருவிய பனி, பால், பயறு, பலா, தேங்காய்த்தண்ணீரில் செய்த ஜெல்லித் துண்டு, மேலே ஊதா நிற ஊபே. அந்த ஊபே வேறொன்றுமல்ல, யாழ்ப்பாணத்தார் கஞ்சி வைக்கும் இராசவள்ளிக்கிழங்குதான். மேலே வைக்கும் கேரமல் துண்டில் முட்டை இருக்கும், எடுத்துவிடச் சொல்லுங்கள். டுரியான் வாங்கினால் பழக்கடை வாசலிலேயே தின்றுவிட்டுக் கிளம்புங்கள். அந்த வாடைக்கு விடுதிக்குள் விடமாட்டார்கள்.

சாப்பிடும் முறை நமக்குக் கஷ்டமில்லை. வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி, கத்தி வராது. கையால் சாப்பிடுவதற்குக் 'கமாயான்' என்று பெயர், யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். சோறில்லாமல் எதுவும் இல்லை, எல்லாமே நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதுதான். பரிமாறுபவரைக் 'குயா' என்றும் 'ஆத்தே' என்றும் கூப்பிடுங்கள், அண்ணன், அக்கா என்று பொருள். பில்லுக்குக் குரல் கொடுக்க வேண்டாம். இரண்டு ஆள்காட்டி விரலாலும் காற்றில் ஒரு செவ்வகம் வரைந்து காட்டினால் தூரத்திலிருந்தே புரிந்துகொள்வார்கள். விலைப்பட்டியலில் 12 சதவீத வரி பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். சற்றுப் பெரிய கடைகளில் சேவைக் கட்டணம் தனியாக வரும். 2019ல் வந்த சட்டப்படி அது முழுக்க ஊழியர்களுக்குத்தான் போக வேண்டும், ஆகவே அதற்குமேல் கொடுப்பது உங்கள் மனது. மூத்த குடிமக்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று எழுதியிருக்கும், அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், உங்கள் கடவுச்சீட்டை நீட்டிச் சங்கடப்படாதீர்கள்.

கடைசியாக அந்த விருந்து. 'பூடுல் ஃபைட்' என்று கேளுங்கள். ராணுவத்தில் தொடங்கிய பழக்கம்: நீள மேசையில் வாழையிலையைப் பரப்பி, நடுவில் அணைகட்டின மாதிரி சோறு, மேலே சுட்ட மீன், இறால், கோழி, கத்தரிக்காய், மாங்காய், உப்புமுட்டை. எல்லோரும் நின்றுகொண்டோ உட்கார்ந்தோ கையால் சாப்பிட வேண்டியதுதான். நம் இலைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், ஆளுக்கொரு இலை கிடையாது, எல்லோருக்கும் ஒரே இலை. ஒரு நாள் முன்னாலேயே கடைக்குப் போய் எத்தனை பேர், பன்றியும் மாடும் வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சைவத்தை இலையின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறேன் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். இறால் சாறு சோற்றுக்கு அடியில் ஓடி வரும். மனைவிக்கும் சைவத் தோழிகளுக்கும் தனி மேசையில் தனி இலை விரிக்கச் சொல்லுங்கள், கூடவே நிறையக் கலமான்சி.